இலுப்பைப்பூ அன்று, ஆலையே நமது!

கழகத் தோழரே!

ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். பழமொழிதான். ஆனால் அதைச் சொல்லுகிற வாயைக் கவனித்திருக்கிறீரா? இரக்கத்தோடு சொல்லுவோர் சிலர். ஏளனத்தோடு சொல்லுவோரே பலர். "உனக்கு இதுவே அதிகம், இதை நக்கிக்கொண்டு கிட" என்ற பொருள் அந்த இனிப்புச் சொல்லுக்குள் கசப்பாய் ஒளிந்துகொண்டிருக்கும். ஆலையை வைத்திருப்பவன் அல்லவா பழமொழி பேசுகிறான்! பூவைப் பொறுக்குபவனுக்குப் பேச நேரம் ஏது?

இலுப்பையைத் தன் பெயரிலேயே சுமந்து நிற்கும் ஊர், புதுக்கோட்டை மாவட்டத்து இலுப்பூர். வட்டத் தலைமையூர். அங்கே பொதுக்கூட்டம் ஒன்றில் பேசுவதற்காக அண்மையில் போயிருந்தேன். மேடையேறிப் பேசியவன் நான். ஆனால், எனக்குப் பாடம் புகட்டியது மேடைக்கு எதிரே இருந்த ஒரு தையற்கடை.

கடைக்காரர் நம்முடைய பழைய தோழர். கொடிக்கம்பம் நட்ட கை; கூட்டத்துக்குக் கூட்டம் ஜமக்காளம் விரித்த கை. கூட்டம் தொடங்க நேரமிருந்ததால் அவர் கடையில் உட்கார்ந்தேன். தந்தையார் காலத்துத் தையல் இயந்திரம் கடகடவென ஓடிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்திலே, மஞ்சள் துணியில் சுற்றி வைத்த ஒரு பொருள். என்னவென்று கேட்டேன். மூத்த மகள் பன்னிரண்டாம் வகுப்புப் படித்தபோது அரசு கொடுத்த மடிக்கணினி என்றார். மகள் மணமாகிப் போய்விட்டாள். இப்போது இளையவன் கல்லூரியில் சேர்ந்திருக்கிறான். கணினி வேண்டுமென்கிறான். இதைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போயிருக்கிறார் தோழர். அங்கே நடந்ததை அவர் சொல்லக் கேட்டேன். நாடகக்காரன் அல்லவா நான், காட்சியாகவே தருகிறேன்:

தையற்காரர்: தம்பி, இது ஓடமாட்டேங்குது. கொஞ்சம் பார்த்துக் கொடுங்க.

கடைக்காரர்: இதையா அண்ணே? இது செத்துப்போய் ரொம்ப நாளாச்சு. குப்பையிலே போடுங்க.

தையற்காரர்: விளக்கு எரியுதே தம்பி! விசிறி சுத்துற சத்தம் கேக்குதே!

கடைக்காரர்: உசிரு இருக்கும் அண்ணே, உள்ளே போடுறதுக்குத்தான் ஒண்ணும் இல்லே. புதுசா வர்றது எதுவும் இதுலே ஏறாது. நாற்பதாயிரத்திலே ஒண்ணு இருக்கு. மாசத் தவணை. கையெழுத்துப் போட்டாப் போதும்.

கேட்டீரா, தோழரே! உயிர் இருக்கிறதாம்; ஆனால் செத்துவிட்டதாம்! மூச்சு ஓடுகிற உடலைப் பாடையில் கிடத்திவிட்டு, புதுப் பிள்ளைக்குத் தவணைச்சீட்டு நீட்டுகிற இந்த விந்தை மருத்துவம் எந்த நாட்டு மருத்துவம்?

அந்தக் கடைக்காரர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் தீர்ப்பை எழுதியவர் அல்லர், வாசித்தவர். எழுதியவர்கள் கடலுக்கு அப்பால் இருக்கிறார்கள். விண்டோஸ் 7 என்னும் இயங்குதளத்துக்கு, 2020 ஜனவரி 14ஆம் நாளோடு பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்தினார்கள். 2015இல் வெளியிட்ட விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் நாள் மணியடித்தார்கள். அடுத்ததாகிய விண்டோஸ் 11க்குக் குறைந்தது 4 ஜிபி நினைவகம் வேண்டும், 64 ஜிபி சேமிப்பிடம் வேண்டும், 'டிபிஎம் 2.0' என்னும் பாதுகாப்புச் சில்லும் வேண்டும் என்று விதி வகுத்தார்கள். 2 ஜிபி நினைவகத்தோடு இலுப்பூர் அலமாரியில் தூங்கும் கணினி அந்த வாயிலில் நுழைய முடியுமா? இரும்பு பழுதாகவில்லை, கம்பி அறுந்துவிடவில்லை, அனுமதி தீர்ந்துபோயிற்று. அவ்வளவே!

பொருள் என் வீட்டில் இருக்கிறது. விலை கொடுத்தது நம் வரிப்பணம். ஆனால் அது வாழ்வதும் சாவதும் எவனோ குறிக்கும் நாளைப் பொறுத்தது என்றால், அதற்கு உடைமை என்றா பெயர்? குத்தகை என்று பெயர்! உழுதவனை ஒருநாள் திடீரென வெளியேறச் சொன்ன பழைய ஜமீனுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? அன்று ஜமீன்தாரின் முகமாவது தெரிந்தது. வாசலில் போய் நின்று கூவவாவது முடிந்தது. இன்று முகமும் இல்லை, வாசலும் இல்லை. "ஒப்புக்கொள்கிறேன்" என்று ஒரு பொத்தான் மட்டும் இருக்கிறது. அழுத்தாமல் உள்ளே போக வழியில்லை.

ஜமீன் ஒழிக என்று முழங்கியவர்கள் நாம், தோழரே! கணினிக்குள் இருக்கிற ஜமீனைக் கண்டு நாம் வாய்மூடி இருக்கலாமா?

"என்ன செய்வது? வேறு வழி ஏது?" என்று கேட்பீர். வழி இருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது. 1983இல் அமெரிக்காவிலே ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர், எவரும் இயக்கலாம், எவரும் உள்ளே பிரித்துப் பார்க்கலாம், எவரும் திருத்தலாம், எவரும் பிறருக்கு வழங்கலாம் என்ற உரிமைகளோடு ஓர் இயங்குதளத்தைப் படைக்கப்போவதாக அறிவித்தார். குனூ என்பது அதன் பெயர். 1991இல் பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்திலே, இருபத்தொரு வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், அதற்கு வேண்டிய கருவை எழுதி உலகத்தின் முன் வைத்தார். லினக்ஸ் பிறந்தது. பெருஞ்செல்வர் எவரும் பெற்றெடுத்த பிள்ளையன்று. பல நாட்டு இளைஞர்கள் தோள்மாற்றித் தோள்மாற்றித் தூக்கி வளர்த்த பிள்ளை.

இதைத்தான் நம்மூர்க் கனவான்கள் சிலர் இலுப்பைப்பூ என்கிறார்கள்! "விண்டோஸ் வாங்க வக்கற்றவன் லினக்சைப் போட்டுக்கொள்ளட்டும்" என்று உதட்டைப் பிதுக்குகிறார்கள். அவர்களைக் கேட்கிறேன்: உலகின் மிகப்பெரிய மீக்கணினிகள் ஐந்நூற்றைப் பட்டியலிடுகிறார்களே, 2017 நவம்பர் முதல் அந்த ஐந்நூறும் லினக்சில்தானே ஓடுகின்றன! வானிலையைக் கணிக்கிற பெருங்கருவிகளின் சொந்தக்காரர்கள் வக்கற்றவர்களா? உம்முடைய சட்டைப்பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு கைபேசியின் அடியில் இருக்கும் கருவும் லினக்ஸ்தானே! பையிலே வைத்துக்கொண்டே பழிக்கிறீரே, இது எந்த ஊர் நியாயம்?

இலுப்பைப்பூ என்பது சர்க்கரைக்கு மாற்று. லினக்ஸ் மாற்று அன்று. மூலநிரல் முழுவதையும் கையில் கொடுத்துவிடுகிறார்களே, அதன் பொருள் என்ன? பொட்டலம் கட்டிய சர்க்கரையை அவர்கள் விற்கிறார்கள்; ஆலையையே தூக்கி நம் கையில் கொடுக்கிறது இது. பூவுக்கும் ஆலைக்கும் வேறுபாடு தெரியாதவர்களா நமக்குப் பழமொழி சொல்லுவது?

இனி இலுப்பூருக்கு வருகிறேன். கூட்டம் முடிந்து அன்றிரவு அங்கேயே தங்கினேன். மறுநாள் காலை, மாணவரணித் தம்பிகள் மூவர் தையற்கடைக்கு வந்தனர். பென் டிரைவ் ஒன்று, திருப்புளி ஒன்று, அளவற்ற ஆர்வம். இவையே அவர்கள் கொணர்ந்த ஆயுதங்கள். கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவன் நான். அவர்கள் செய்ததை அருகே இருந்து பார்த்தேன். கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டேன். உமக்காகத்தான்.

முதலில், பழைய வட்டிலே இருந்த மூத்த மகளின் படங்களையும் பாடக் குறிப்புகளையும் வேறிடத்துக்குப் படியெடுத்தனர். எதை மறந்தாலும் இதை மறக்கலாகாது. நிறுவும்போது வட்டில் இருப்பது அழிந்துபோகும். பிறகு, கிழமாகிக் கரகரத்த அந்தச் சுழல்வட்டைக் கழற்றிவிட்டு, சுழலாத திடநிலைச் சேமிப்பகம் ஒன்றைப் பொருத்தினர். செலவு எவ்வளவு என்று கேட்டேன். அந்தக் கூட்டத்துக்கு என் படம் போட்டுச் சாலையோரம் கட்டியிருந்தார்களே பிளெக்ஸ் பலகைகள், அவற்றில் இரண்டின் செலவாம்! எனக்குத் தலை குனிந்தது. அதைப் பற்றிப் பின்னர்.

பிறகு டெபியன். 1993இல் தொடங்கி இன்றுவரை தன்னார்வலர்கள் நடத்திவரும் லினக்ஸ் பதிப்பு. அதன் 13ஆம் பதிப்பு 2025 ஆகஸ்டில் வெளியாயிற்று. அதன் சிறிய நிறுவற்கோப்பு ஒரு ஜிபிக்கும் குறைவு. பென் டிரைவில் அதை எழுதிக் கணினியை அதிலிருந்து கிளப்பினர். செயலி 64 பிட்தானா என்று முன்னரே பார்த்துக்கொண்டனர். 32 பிட் பழசாயிருந்தால் 13ஆம் பதிப்பை அதில் நிறுவ வழியில்லை, 12ஆம் பதிப்பையே நாடவேண்டும்.

நிறுவும் நடுவிலே ஒரு பட்டியல் வந்தது. அழகிய முகப்புத் திரைகள், அச்சுப் பணிகள், இன்னும் பல. எவையெவை வேண்டுமெனத் தேர்ந்தெடுக்கலாம். தம்பிகள் என்ன செய்தனர் தெரியுமா? அடிப்படைக் கருவிகள் என்ற ஒன்றைத் தவிர அனைத்தையும் நீக்கினர்! நான் திடுக்கிட்டேன். "அண்ணே, ஆயத்த ஆடை வேண்டாம்; அளவெடுத்துத் தைப்போம்" என்றான் ஒரு தம்பி. தையற்காரத் தோழர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் மொழியில் அல்லவா பேசுகிறான் பையன்!

முடிந்ததும் கருந்திரை. வெள்ளை எழுத்து. சிமிட்டும் ஒரு கோடு. படமில்லை, பகட்டில்லை. நினைவகத்தில் நூறு மெகாபைட் அளவே பிடித்திருந்தது. அதன்மேல் ஒவ்வொன்றாய்ச் சேர்த்தனர்: திரையை வரைய எக்ஸ் என்னும் அடித்தளம், சாளரங்களை நிறுத்தவும் நகர்த்தவும் ஐஸ்டபிள்யூஎம் என்னும் மெலிந்த மேலாளர், வலையமைப்புக்கு ஒன்று, ஒலிக்கு ஒன்று, பயர்பாக்ஸ் உலாவி, எழுதுவதற்கு லிப்ரே ஆபிஸ், தமிழ் எழுத்துருக்கள். சேர்க்கும்போது "பரிந்துரைக்கப்படுவன" என்று வால்பிடித்து வரும் உதிரிகளைத் தடுத்தனர். எல்லாம் ஏற்றிய பின்னும், சும்மா இருக்கும் நிலையில் 300 மெகாபைட்டுக்குள்ளேயே நின்றது. உள்ளே ஓடும் ஒவ்வொன்றின் பெயரையும், அது ஏன் ஓடுகிறது என்பதையும் அந்தத் தம்பிகளால் சொல்ல முடிந்தது. உம்முடைய கணினிக்குள் இந்த நொடியில் என்னென்ன ஓடுகின்றன என்று உம்மால் சொல்ல முடியுமா, தோழரே? அறிந்து வைத்திருப்பவனே ஆளுகிறான், அறியாதவன் ஆளப்படுகிறான்!

பின்னர் மெருகேற்றினர். அதிலும் அவசரமில்லை, நாடி பார்த்துத்தான் மருந்து. கணினி விழிக்கும்போது எந்தப் பணி எத்தனை நொடி விழுங்கிற்று என்று வரிசையாகக் காட்டும் கட்டளை ஒன்று உண்டு. அதைப் பார்த்தனர். இல்லாத அச்சுப்பொறிக்குக் காத்திருக்கும் பணி எதற்கு? நிறுத்தினர். இல்லாத மோடத்தைத் தேடி அலையும் பணி எதற்கு? நிறுத்தினர். நினைவகம் நிரம்பினால் வட்டுக்குத் தள்ளுவது வழக்கம். அது ஆமை வேகம். மாறாக, நினைவகத்துக்குள்ளேயே சுருக்கி மடித்து வைக்கும் 'இசட்ராம்' என்னும் ஏற்பாட்டைச் செய்தனர். சேலையை மடித்தால் பெட்டியில் இன்னும் இரண்டு சேலைக்கு இடம் கிடைக்குமல்லவா, அதுபோல! உலாவியில் விளம்பரங்களைத் தடுக்கும் துணைநிரல் ஒன்றைப் போட்டனர். பக்கம் பாதிச் சுமையோடு வந்து நின்றது. மாலை தேநீருக்குள் கணினி எழுந்து நடந்தது. செத்த பிணம் என்றார்களே, அது!

ஒளிவுமறைவு எதற்கு? எல்லாம் முடியும் என்று நான் புளுகமாட்டேன். 2 ஜிபியில் உலாவியின் பத்துப் பக்கங்களை ஒன்றாகத் திறந்தால் திணறும். இரண்டு மூன்றோடு நிறுத்தவேண்டும். பழைய நினைவகப் பலகை ஒன்று கிடைத்துச் சேர்த்தால் நிலைமை தேறும். காணொளிக் கூட்டங்களுக்கு அது ஏற்றதன்று. கணக்கு எழுதும் சில வணிக மென்பொருள்கள் விண்டோசுக்கென்றே எழுதப்பட்டவை. கடைக்காரருக்கு அவை வேண்டுமாயின் இது உதவாது. ஆனால் ஒரு மாணவன் தட்டச்சு பழகவும், கட்டுரை எழுதவும், பைத்தான் போன்ற நிரல்மொழியைக் கற்கவும், விண்ணப்பம் நிரப்பவும் இது போதும். கற்பதற்கோ இதைவிடச் சிறந்தது வேறில்லை. ஏனெனில் உள்ளே பூட்டிய அறை ஒன்றுமில்லை. நாற்பதாயிரத்துக்குத் தவணைச்சீட்டில் கையெழுத்திடப் போன ஒரு தையற்காரரின் பேனாவை மூடவைத்தது எதுவோ, அது சிறிய பொருளா?

தமிழ் ஏறுமா என்று கேட்பீர். ஏறிற்று! இலுப்பூரிலிருந்து அன்னவாசல் பக்கம் போனால் சித்தன்னவாசல். அங்கே கல்லிலே வெட்டிய தமிழி எழுத்து ஈராயிரம் ஆண்டுகளாக இருக்கிறது. அதைப் படிக்க எவனும் ஆண்டுச் சந்தா கேட்டதில்லை. எழுத்து என்பது அப்படி இருக்கவேண்டும்! நம் இயக்கம் எழுத்தை அவ்வாறே நடத்திற்று. பெரியார் 1935இல் தம் ஏட்டிலே எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தினார். 1978இல் அது அரசாணையாயிற்று. 1999இல் கலைஞர் ஆட்சியிலே தமிழ்99 விசைப்பலகை தரமாக அறிவிக்கப்பட்டது. கோவைச் செம்மொழி மாநாடு கூடிய 2010இல் ஒருங்குறியை அரசு ஏற்றது. அந்தத் தமிழ்99 விசைப்பலகை லினக்சில் இலவசமாகவே கிடைக்கிறது. தையற்காரரின் மகன் முதன்முதலாக அதில் தட்டியது தன் ஊர்ப் பெயர். 'இ' என்று தொடங்கி 'ர்' என்று முடியுமட்டும் தந்தை கண்கொட்டவில்லை.

இவ்வளவு எளிதாயின், ஏன் இதுவரை இது நடக்கவில்லை? இங்கேதான் தோழரே, நம்மையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும், மாற்றாரையும் கேட்கவேண்டும்.

2006ஐ அடுத்த ஆண்டுகளிலே, நம் ஆட்சிக் காலத்தில், எல்காட் நிறுவனம் சி. உமாசங்கர் மேலாண்மையில் தன் அலுவலகக் கணினிகளை லினக்சுக்கு மாற்றிற்று. நாடெங்கும் பேசினார்கள். ஆனால் அலுவலர் மாறினார், அலை தணிந்தது. ஓர் அலுவலரின் ஆர்வமாக நின்றதே தவிர, இயக்கத்தின் கொள்கையாக அது வேர்விடவில்லை. இது நம் குறை. மறைக்க மாட்டேன்.

2011 செப்டம்பர் 15இல் மாற்றார் ஆட்சி மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கத் தொடங்கிற்று. கொடுத்ததைக் குறை கூறேன். ஏழை வீட்டுக்குள் கணினி நுழைந்தது நல்லதே. அவற்றில் பல கணினிகளிலே விண்டோசுக்குப் பக்கத்தில், சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய 'பாஸ்' லினக்சும் இருந்தது. இருந்தது, யாருக்குத் தெரியும்? மூடியின்மேல் முதலமைச்சரின் படம் இருந்ததை அனைவரும் அறிவர். உள்ளே விடுதலைக்கான சாவி கிடந்ததை எத்தனை பேருக்குச் சொன்னார்கள்? தையற்காரரின் மூத்த மகளுக்கு ஒருவரும் சொல்லவில்லை. சாவியைப் பெட்டிக்குள்ளே வைத்துப் பூட்டிப் பெட்டியைப் பரிசளித்த கதை இது!

கொடுத்தால் போதாது, கற்பிக்கவேண்டும். இதைப் புதுக்கோட்டை மண்ணுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை; புதுக்கோட்டைதான் உலகுக்குச் சொல்லித் தந்தது. 1991ஐ அடுத்து, மாவட்ட ஆட்சியராக ஷீலா ராணி சுங்கத் இருந்த நாளிலே, அறிவொளி இயக்கம் இம்மாவட்டத்துப் பெண்களுக்கு எழுத்தோடு சேர்த்து மிதிவண்டியும் கற்பித்தது. கல்லுடைத்த பெண்கள், களையெடுத்த பெண்கள், அங்கன்வாடிப் பெண்கள், பல்லாயிரவர், மிதிவண்டி ஏறினர். பத்திரிகையாளர் சாய்நாத் அதை எழுதி உலகறியச் செய்தார். கேலி பேசியவர் இல்லாமலா இருந்திருப்பர்? கேலியை மிதித்துக்கொண்டே மிதிவண்டி முன்னேறிற்று! மிதிவண்டியை யாரோ கொடுத்தார்கள் என்பதா அந்தப் புரட்சி? அன்று! ஏறக் கற்பித்தார்கள்; விழுந்தால் எழக் கற்பித்தார்கள். அதனால் அது அவர்களுடையதாயிற்று.

பக்கத்து வீட்டைப் பாரீர். கேரளம், 2001இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டத்தின் வழியே, பள்ளிகளைப் படிப்படியாக லினக்சுக்குக் கொண்டுசென்றது. ஆசிரியருக்குப் பயிற்சி கொடுத்தது. பாடநூலை அதற்கேற்ப எழுதிற்று. தேர்வையும் அதிலேயே நடத்திற்று. இன்று 'கைட்' என்னும் அரசு நிறுவனம் பள்ளிகளுக்கென்றே தன் லினக்ஸ் பதிப்பை வெளியிடுகிறது. அங்கே ஆலை ஓடுகிறது. இங்கே ஆலையின் சாவி அலமாரியிலே துருப்பிடிக்கிறது.

எதிர்ப்பாளர் ஜெர்மனியின் மியூனிக் நகரத்தைக் காட்டுவர். 2003இல் லினக்சுக்கு மாற முடிவுசெய்து, ஆயிரக்கணக்கான கணினிகளை மாற்றி, 2017இல் விண்டோசுக்கே திரும்பத் தீர்மானித்தது அந்நகர மன்றம். உண்மைதான். ஆனால், பாதி வழியில் உறுதி குன்றிய பயணம், பாதை இல்லை என்பதற்குச் சான்றாகுமா? அதே ஜெர்மனியில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் 2024இல் தன் 30,000 அரசுக் கணினிகளை லினக்சுக்கும் லிப்ரே ஆபிசுக்கும் மாற்றுவதாக அறிவித்ததே! மாநிலம் என்றால் தன் கணினியின் சாவியையும் தானே வைத்திருக்கவேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. மாநில சுயாட்சி என்ற சொல்லை இந்தியாவுக்குக் கற்பித்த நமக்குத் தோன்றவேண்டாமா?

2025-26 நிதிநிலை அறிக்கையிலே, கல்லூரி மாணவர் 20 இலட்சம் பேருக்கு இரண்டாண்டுகளில் கணினிக் கருவி வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. வரவேற்கிறேன்; வாழ்த்துகிறேன். ஆனால் 2011இன் பிழை மீண்டும் நேரலாகாது. ஆகவே கேட்கிறேன்: கணினி பெறும் கல்லூரி ஒவ்வொன்றிலும், உள்ளே என்ன இருக்கிறது, அதை எப்படிக் கழற்றுவது, எப்படி மெலியவைப்பது, எப்படித் தமிழில் ஓட்டுவது என்று சில நாட்களாவது கற்பிக்க ஏற்பாடு வேண்டும். அரசுப் பள்ளித் தேர்வுகளும் அரசு விண்ணப்பங்களும் எந்த இயங்குதளத்திலும் ஓடும்படி இருக்கவேண்டும். பழைய மடிக்கணினிகளைக் குப்பைக்கு அனுப்புமுன் புத்துயிர் கொடுத்துப் பார்க்கும் பட்டறை வட்டந்தோறும் வேண்டும். இது சலுகையன்று, நம் வரிப்பணத்தில் வாங்கிய பொருளின்மேல் நம் உரிமை.

அரசு செய்யும்வரை காத்திருப்பதா? நம் இயக்கம் எப்போது காத்திருந்தது? ஆளுங்கட்சியாவதற்கு முன்னரே படிப்பகம் திறந்தவர்கள் நாம். முடிதிருத்தும் நிலையத்திலும் தேநீர்க்கடையிலும் ஏட்டை உரக்கப் படித்துக் காட்டினான் ஒருவன். சுற்றி நின்று கேட்டனர் பத்துப்பேர். அந்தப் பத்துப்பேரிலிருந்து முளைத்தது கழகம். அச்சு இயந்திரம் செல்வரின் கருவியாய் இருந்த காலத்தில் அதைக் கைப்பற்றினோம், நாடக மேடையைக் கைப்பற்றினோம், திரைப்படத்தைக் கைப்பற்றினோம். இன்றைய கருவி கணினி. இதில் மட்டும் நாம் குத்தகைதாரராய்க் குனிந்து நிற்பதா?

பிளெக்ஸ் பலகையைப் பற்றிப் பின்னர் சொல்லுகிறேன் என்றேனே, இதோ. இனி நான் பேச வரும் ஊரிலே என் படம் போட்ட பலகை வேண்டாம். அந்தப் பணத்துக்கு ஒரு சேமிப்பகம் வாங்கி, அவ்வூர்ப் படிப்பகத்தில் ஒரு பழைய மடிக்கணினியை எழுப்பி வையுங்கள். கிளைக்கு ஒரு கணினி. அதை இயக்கத் தெரிந்த இருவர், அவர்களில் ஒருவர் பெண். வாரத்தில் ஒரு மாலை வகுப்பு. பலகை மழையில் கிழியும்; மறுவாரம் மாட்டுக்கொட்டகைக்குக் கூரையாகும். கற்றவன் கையில் இருக்கிற கல்வி கிழியுமா?

இலுப்பூரிலிருந்து புறப்படும்போது தையற்காரத் தோழர் வழியனுப்ப வந்தார். "அண்ணே, என் தையல் மெஷினை நானே கழட்டி, நானே எண்ணெய் விட்டு, நானே மாட்டுறேன். அதனாலேதான் அது இன்னும் ஓடுது. இதுவும் அப்படித்தானா?" என்று கேட்டார்.

ஆம் என்றேன். நான் மேடையில் ஒரு மணி நேரம் பேசியதை அவர் ஒரு மூச்சில் பேசிவிட்டார்.

இலுப்பை விதையின் எண்ணெயில் விளக்கெரித்துப் படித்தவர்கள் நம் முன்னோர். அந்த எண்ணெயை எவனும் தூரத்திலிருந்து அணைக்கவில்லை. விளக்கு அவர்களுடையது, திரி அவர்களுடையது, தூண்டிய விரலும் அவர்களுடையது. அலமாரியைத் திறவுங்கள், தோழரே! மஞ்சள் துணியை அவிழுங்கள். அதற்குள்ளே கிடப்பது குப்பையன்று. நம் வீட்டுக்கே வந்து சேர்ந்த ஆலை. ஓட்டக் கற்போம்! ஊருக்கும் கற்பிப்போம்!